சந்தனம் பூசிய சாவி

கிள்ளிப்பாலம், திருவனந்தபுரம்
12 அக்டோபர் 2025, ஞாயிறு

அன்புள்ள அத்தானுக்கு,

போனில் பேசினால் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், ஒருவரும் கேட்பதில்லை. பேசாமல் இருந்தால் உங்கள் அறையில் கூட இருக்கும் ஜெயன், "எந்தா, பிணக்கமா?" என்று சிரிப்பது இங்கே வரை கேட்கிறது. அந்தப் போனும் கம்பெனி கொடுத்தது, அதில் எழுதுவதை யார் யார் பார்ப்பார்களோ என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அதனால் தபாலில் எழுதுகிறேன். போய்ச் சேரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகுமாம். அதற்குள் உங்கள் கோபம் ஆறினால் நல்லது.

ஆகஸ்டில் நான் டச்சுத் தேர்வு எழுதப் போகவில்லை என்று, "உனக்கு இங்க வர ஆசையே இல்ல" என்றீர்கள். கல்யாணம் ஆன இந்த மூன்று வருடத்தில் நாம் சேர்ந்து இருந்தது நூற்று நாற்பது நாள். ஆசை இல்லாதவள் அதை எண்ணி வைத்திருப்பாளா? தேர்வன்று நான் ஆரியசாலையில் நம் பழைய ஆபீஸ் மாடியில் உட்கார்ந்து, உங்கள் கம்பெனிக்குப் போக வேண்டிய போர்டுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் இங்கே வேலை பார்த்தபோது இது இல்லை, அதனால் சொல்கிறேன். வீட்டைச் சூடாக்கும் பெட்டிக்கு நாங்கள் செய்யும் போர்டு இணையத்தோடு இணைகிறது அல்லவா? அங்கே வந்திருக்கும் புதுச் சட்டப்படி, கண்டவர் உள்ளே நுழைந்து இயக்க முடியாதபடி பூட்டு இருந்தால்தான் விற்கலாம். பழைய சிப்பில் பூட்டு வைக்க வழியில்லை. முழுவதையும் மாற்ற நேரமும் இல்லை. ராமசுப்ரமணியன் சார் பழைய சிப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எஃப்.பி.ஜி.ஏ. வைத்துவிட்டார். வாங்கிய பிறகு நாம் சொல்லும் வேலையை உள்ளே எழுதிக்கொள்கிற சிப் அது. இங்கே அதற்குக் காவல் வேலை. எந்த மென்பொருள் வந்தாலும், எங்கள் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே விடும். அதைச் சரிபார்க்கும் சாவியைச் சிப்புக்குள் எரித்துப் பதிக்க வேண்டும். ஒரே ஒரு தடவைதான். பிறகு அழிக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. எரித்த கையோடு ஈரம் படாமல் போர்டின்மேல் பிசின் ஊற்றி மூடிவிடுவோம்.

சாவி இருப்பது ஏ.டி.எம். அட்டை போன்ற இரண்டு அட்டைகளில். ஒன்று அசல், ஒன்று சோதனைக்கான மாதிரி. பூஜை வைப்பன்று ஸ்டோர் தாணுமாலையன் அண்ணன் ஸ்பேனர், மீட்டர், சால்டரிங் அயர்னோடு அந்த அட்டைகளையும் சரஸ்வதி முன்னால் வைத்துவிட்டார். மூன்று நாள் ஒருவரும் எதையும் தொடவில்லை. விஜயதசமி காலையில், "நாள் நன்னாயிருக்கு. பத்து போர்டாவது இன்னிக்கே ஆரம்பிச்சுடணும்" என்று சார் நின்றார். கூட இருந்து சரிபார்க்க வேண்டிய விஜயலக்ஷ்மி மேடம் மகனை எழுத்துக்கு இருத்தி, முதல் எழுத்து எழுதவைக்கக் கோவிலுக்குப் போயிருந்தார். தாணுமாலையன் அண்ணன் சந்தனமும் குங்குமமும் அப்பிய அட்டையை நீட்டி, "இன்னா பிடி மக்களே, தொடங்கு" என்றார். தொடங்கினேன். மறுநாளும் அது ஓடியது. நேற்றோடு நானூற்று எண்பதும் முடிந்து விமானத்துக்குப் போய்விட்டது.

தேர்வை ஜனவரியில் எழுதுகிறேன். நீங்கள் இப்போது சொல்லுங்கள், யாருக்கு ஆசை இல்லை?

ஜெஸ்லின்

*

ஸ்வோலெ, நெதர்லாந்து
26 அக்டோபர் 2025

ஜெஸ்லினுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆகஸ்டில் நான் சொன்னது தப்புதான். வேலை முடிந்து வந்த அலுப்பில் சொன்னேன். அதற்குமேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

போர்டுகள் வந்துவிட்டன. திங்கட்கிழமை முதல் வீடு வீடாகப் போய்ப் பொருத்துகிறேன். பெட்டியைத் திறக்கும்போது மூடியின் உள்பக்கம் லேசாகச் சந்தன வாசனை வந்தது. என் பிரமையாகவும் இருக்கலாம்.

ஒரு விஷயம் உனக்குத் தெரிய வேண்டும். இங்கே முதலாளிக்கு இந்த வேலையைப் போலந்துக்காரனிடம் கொடுக்கத்தான் எண்ணம். "நான் அங்கே ஆறு வருடம் வேலை பார்த்தேன், அவர்கள் தவறு செய்ய மாட்டார்கள்" என்று சொல்லி நிறுத்தியவன் நான். அதற்காகத்தான் என் ஒப்பந்தத்தை ஜனவரி 15 அன்று நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருக்கிறார். அது ஆனால் கம்பெனியே வீடும் கொடுத்து, உன் விசாவுக்குக் கடிதமும் கொடுக்கும். ஆகாவிட்டால் பிப்ரவரியில் நான் மூட்டை கட்ட வேண்டும். இந்த வயதில் மறுபடி முதலிலிருந்து தொடங்க எனக்குத் தெம்பில்லை.

குளிர் தொடங்கிவிட்டது. அம்மாவின் கண் எப்படி இருக்கிறது என்று எழுது.

பிரஜின்

*

கிள்ளிப்பாலம்
8 நவம்பர் 2025

அத்தான்,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. வராமல் இருந்திருக்கலாம் என்று நினைக்கும்படி ஒன்று நடந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் எப்படி மறைக்கப்போகிறேனோ தெரியவில்லை.

புதன்கிழமை அடுத்த மாடலுக்காக ஒரு பழைய மாதிரிப் போர்டை எடுத்தேன். மாதிரி அட்டை இருக்கும் டப்பாவைத் திறந்து, அதைப் போட்டுப் பார்த்தேன். போர்டு ஏற்கவில்லை. நாலு தடவை போட்டேன். பிறகு அட்டையின் மேல் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். அடியில் என் கையெழுத்திலேயே "அசல்" என்று இருந்தது.

அப்படியானால் நானூற்று எண்பதிலும் நான் எரித்தது மாதிரிச் சாவி. சிப்பில் பதிப்பதும் அந்த அட்டைதான், மென்பொருளுக்கு முத்திரை வைப்பதும் அந்த அட்டைதான். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தியதால் ஒரு போர்டும் முரண்டு பிடிக்கவில்லை. அந்த மாதிரிச் சாவி யாரிடம் இல்லை? பெங்களூர் சோதனைக்கூடத்தில் இருக்கிறது. புராஜெக்ட் செய்ய வந்த கல்லூரிப் பிள்ளைகளின் லேப்டாப்பில் இருக்கிறது. ஆபீஸ் பொதுக் கோப்பில் ஒரு வருடமாகக் கிடக்கிறது. பூட்டும் போட்டு, சாவியையும் தெருவில் வைத்த மாதிரிதான்.

அன்று காலையில் ஏன் துடைத்துப் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். நான் சர்ச்சுக்குப் போகிறவள். அவர் பயபக்தியோடு பூசியதை நான் வாங்கியதும் துடைத்தால் அதற்கு வேறு அர்த்தம் ஆகிவிடும். தாணுமாலையன் அண்ணன் மனசு நோகும். மரியாதைக்குத்தான் விட்டேன். திரையில் சாவியின் எண் வந்தது. அதை ஒப்பிட வேண்டிய காகிதம் மேடத்தின் மேசைக்குள் பூட்டியிருந்தது. மறுநாள் மேடம் வந்தபோது வேலை ஓடிக்கொண்டிருந்ததால் அவரும் கேட்கவில்லை.

சிப்பைக் கழற்றலாம் என்றால் மேலே பிசின். புது மென்பொருள் அனுப்பினாலும் சாவி மாறாது. எல்லா வழியையும் யோசித்துப் பார்த்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உங்கள் ஜனவரி போய்விடும். சொல்லாவிட்டால் அந்த வீடுகள் எல்லாம் திறந்து கிடக்கும். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. என்ன செய்ய?

ஜெஸ்லின்

*

ஸ்வோலெ
20 நவம்பர் 2025

ஜெஸ்லினுக்கு,

இரண்டு நாள் உன் மேல் அப்படி ஒரு கோபம். சந்தனத்துக்கு மரியாதை கொடுத்தாயே, ஒரு நிமிடம் நம்மை நினைத்தாயா என்று. இப்போது கோபம் போய் பயம்தான் இருக்கிறது.

நாம் மூன்று வருடமாகக் காத்திருந்தது இந்த ஜனவரிக்காக. நமக்கு வேறு வழி யாரும் வைத்திருக்கவில்லை. நாம் ஒன்றும் வேண்டுமென்று செய்யவில்லை. இது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், அப்படியே இருக்கட்டும். யார் வந்து தேடப்போகிறார்கள்? ஏதோ ஒரு வீட்டின் சூடாக்கியைத் திறந்து ஒருவனுக்கு என்ன லாபம்? இனி வரும் மென்பொருளுக்கும் அந்த மாதிரி அட்டையிலேயே முத்திரை வை. ஒருவருக்கும் தெரியாது. ஏதாவது காகிதம் கேட்டால் கையெழுத்துப் போட்டுக் கொடு. காகிதம்தானே.

பதினைந்தாம் தேதி கழியட்டும். அதன் பிறகு நம் வீட்டில் உட்கார்ந்து, எப்படிச் சொல்லலாம் என்று நாம் இருவரும் யோசிப்போம். நானே முதலாளியிடம் சொல்கிறேன். நமக்கு இப்போது வேண்டியது ஐம்பத்தாறு நாள். நமக்காக இதைச் செய்.

கம்பெனி நமக்குக் கொடுக்கப்போகும் மாடி வீட்டைக் காட்டினார்கள். சமையலறை சின்னதுதான். உனக்குப் பிடிக்கும்.

பிரஜின்

*

கிள்ளிப்பாலம்
3 டிசம்பர் 2025

அத்தான்,

நீங்கள் சொன்னபடி செய்துவிட்டேன்.

சட்டத்துக்காக அங்கே வைக்க வேண்டிய கோப்பில், அசல் சாவிதான் பதிக்கப்பட்டது என்று இரண்டு பேர் கையெழுத்திட்ட உறுதிமொழி வேண்டுமாம். நேற்று ராமசுப்ரமணியன் சார் கொண்டுவந்தார். அவர் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு நம்பிக்கை. விஜயலக்ஷ்மி மேடம் பேனாவைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் அன்னிக்கு இல்லியே. நம்பரை நீ பாத்தேல்லியோ?" என்றார்.

"பாத்தேன் மேடம்" என்றேன்.

"அப்ப செரி. உன்மேல எனக்கு விஸ்வாசம் உண்டு" என்று போட்டார். அவருக்குக் கீழே நானும் போட்டேன். என் பெயரை நான் இவ்வளவு அழகாக எப்போதும் எழுதியதில்லை. ஒவ்வொரு எழுத்தாக மெதுவாக எழுதினேன்.

பிறகு குழாயடிக்குப் போய் நின்றுகொண்டேன். தாணுமாலையன் அண்ணன் வந்து, "எந்தா மக்கா, முகம் வாடி இருக்கு? சுகமில்லியா?" என்று கேட்டார். அவர் மேல்தான் எனக்கு முதலில் ஆத்திரம் வந்தது. அவர் என்ன செய்வார், பாவம். எல்லாரும் நல்லவர்களாக இருந்தால் யாரைத் திட்டுவது?

ஞாயிற்றுக்கிழமை போனில் "குளிரா", "சாப்பிட்டாயா" என்று பேசினோமே, அப்போது நான் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லாத வேலை. ஆனால் அந்தச் சமையலறை சின்னது என்று எழுதியிருந்தீர்கள். அதை நினைத்துக்கொண்டே போட்டேன்.

இன்னும் நாற்பத்து மூன்று நாள்.

ஜெஸ்லின்

*

ஸ்வோலெ
5 டிசம்பர் 2025

ஜெஸ்,

நேற்று நான் முதலாளியிடம் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் செய்தி உன்னிடம் வந்துவிடும் என்று தெரியும். இருந்தாலும் என் வாயால் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை ஒரு வீட்டுக்குப் போனேன். கணவன் மனைவி, பிறந்து ஒன்பது நாளான ஒரு குழந்தை. குழந்தைக்கு எடை போதாது, வீட்டில் சூடு இருபத்திரண்டுக்குக் கீழே போகக்கூடாதென்று டாக்டர் சொன்னாராம். வெளியே குளம் உறைந்து கிடந்தது. நம் போர்டைப் பொருத்தி முடித்தேன். அந்தத் தகப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல், "இதை இணையத்தில் யாராவது வந்து நிறுத்திவிட முடியுமா?" என்று கேட்டான். போர்டோடு வரும் விளக்கத் தாளில் அச்சடித்திருக்கும் பதிலை நான் வாசித்துக் காட்டினேன். முடியாது, புதுச் சட்டப்படி பூட்டப்பட்டது என்று. அவன் நன்றி சொல்லி எனக்கு ஒரு கேக் துண்டு கொடுத்தான்.

வண்டியில் உட்கார்ந்து அதைச் சாப்பிட முடியவில்லை. மறுநாள் காலையில் நேராக முதலாளி அறைக்குப் போனேன். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, ஞாயிற்றுக்கிழமை போனில்தான் நீ கண்டுபிடித்துச் சொன்னாய், நான் உடனே வந்து சொல்கிறேன் என்றேன். அப்படிச் சொன்னால் நீயும் நேர்மையானவள் ஆகிறாய், நானும் தாமதிக்கவில்லை என்று ஆகும். அவர் உடனே உங்கள் கம்பெனிக்கு மெயில் அனுப்பினார்.

நான் முன்னால் எழுதியதையெல்லாம் மறந்துவிடு. யாராவது கேட்டால் உண்மையைச் சொல். எதிலும் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதே.

பிரஜின்

*

கிள்ளிப்பாலம்
17 டிசம்பர் 2025

அத்தான்,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை எத்தனை தடவை வாசித்தேன் என்று எனக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை மதியம் சார் என்னை அழைத்தார். ஒரு பக்கம் உங்கள் முதலாளியின் மெயில், ஒரு பக்கம் என் உறுதிமொழி. நவம்பர் முப்பதாம் தேதி நான் உங்களிடம் தவறு நடந்தது என்று சொன்னேனாம். டிசம்பர் இரண்டாம் தேதி தவறே நடக்கவில்லை என்று கையெழுத்திட்டேனாம். "ரெண்டுல ஏது நெஜம், நீயே சொல்லு" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

உங்களிடம் எப்போது சொன்னேன், நீங்கள் என்ன பதில் எழுதினீர்கள் என்று சொல்ல வாய் திறந்தேன். உங்கள் பெயரைச் சொல்லாமலே மூடிக்கொண்டேன். விஜயலக்ஷ்மி மேடம் அறை வாசலில் நின்று அழுதார். என்னை நம்பிப் போட்ட கையெழுத்து அது. அவருக்கு விளக்கம் கேட்டு ஓலை கொடுத்துவிட்டார்கள், எனக்கு வேலையே போய்விட்டது. தாணுமாலையன் அண்ணன் பஸ் நிற்கும் இடம் வரை கூடவே வந்தார்.

நீங்கள் முதலாளியிடம் சொன்னது சரிதான். அந்தக் குழந்தையை நினைத்தால் எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. இரண்டு நாள் முன்னால் உங்களுக்கு அது படக்கூடாதா?

அங்கே உங்களுக்கு என்ன ஆயிற்று? ஞாயிற்றுக்கிழமை போனை ஏன் எடுக்கவில்லை?

ஜெஸ்லின்

*

ஸ்வோலெ
2 ஜனவரி 2026

ஜெஸ்லினுக்கு,

போனில் இதைச் சொல்லக் கூடாது என்று கம்பெனி வக்கீல் சொல்லியிருக்கிறார். அதனால்தான் எடுக்கவில்லை.

என் ஒப்பந்தம் உறுதியாகிவிட்டது. மறைக்காமல் வந்து சொன்னவன் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் என் தோளில் தட்டினார். பொருத்திய வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போய்ப் போர்டுகளைக் கழற்ற வேண்டும். ஒரு வருட வேலை. அதற்கு என்னையே தலைமையாகப் போட்டிருக்கிறார்கள்.

உன் விசாவுக்கான கடிதம் கிடைக்காது. பொய் உறுதிமொழி கொடுத்தவர் என்று கோப்பில் உன் பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்குத் தன்னால் கடிதம் தர முடியாது என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இன்னொன்று இருக்கிறது. எங்கள் கம்பெனியில் விசாரிப்பதற்காகத் திருவனந்தபுரத்திலேயே ஒரு வக்கீலை அமர்த்தியிருக்கிறார்கள். உன்னை அழைத்துக் கேட்பார். நவம்பர் 20 அன்று நான் எழுதிய கடிதம் உன்னிடம் இருக்கிறது. எனக்கு அப்போதே தெரியும், மறைக்கச் சொன்னவனே நான்தான் என்று அது சொல்லிவிடும். அது வெளியே வந்தால் உன் பெயர் கொஞ்சம் சுத்தமாகலாம். என் வேலை அன்றைக்கே போய்விடும். இப்போது அம்மாவின் கண் சிகிச்சைக்கும் உனக்கும் என் சம்பளம் ஒன்றுதான் இருக்கிறது.

அதைக் கிழித்துப் போட்டுவிடு. கேட்க வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தோடுதான் கேட்கிறேன்.

பிரஜின்

*

கிள்ளிப்பாலம்
14 ஜனவரி 2026

அத்தான்,

நேற்று வக்கீல் ஆபீஸுக்குப் போய் வந்தேன். கோர்ட்டுக்கு எதிரே மாடியில், நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். தமிழ் தெரியாது. "பர்த்தாவு பறஞ்ஞிட்டாணோ ஒப்பிட்டது?" என்று கேட்டார். கணவர் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டாயா என்று.

"அல்ல சார். என் இஷ்டத்துக்குப் போட்டதாணு" என்றேன்.

அதையே மலையாளத்தில் எழுதிக்கொண்டு, அடியில் என்னிடம் கையெழுத்து வாங்கினார். இந்தத் தடவை என் பெயர் கோணலாக விழுந்தது. அவ்வளவு நேரமும் உங்கள் நவம்பர் கடிதம் என் பையில்தான் இருந்தது. பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் மேல் கோபம் இருக்கிறது. நிறைய இருக்கிறது. ஆனால் அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. நீங்கள் அயோக்கியராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து கிழிப்பதற்காக அந்தக் கடிதத்தை மூன்று தடவை எடுத்தேன். முடியவில்லை. சாட்சிக்காக வைத்துக்கொள்கிறேன் என்று பயப்படாதீர்கள். நீங்கள் எனக்கு எழுதியதில் "நாம்", "நமக்கு" என்று அதிகமாக இருப்பது அந்த ஒரு கடிதத்தில்தான். மற்றவற்றை நேற்று எடுத்துப் பார்த்தேன், எல்லாவற்றிலும் நீங்கள் தனியாகவும் நான் தனியாகவும் இருக்கிறோம்.

அதை இதனுடன் மடித்து வைத்திருக்கிறேன். நீங்களே கிழித்துக்கொள்ளுங்கள்.

ஜெஸ்லின்